அக்காவின் துவைக்கும் கல்லைப் பார்க்கக் கடலூர் போனோம்

ஒரு கல்லைப் பார்க்கவா லீவு நாளில் கடலூர் வரை போனாய் என்று செக்‌ஷனில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஆமாம், கல்லைப் பார்க்கத்தான். பிப்ரவரியில், நைட் ஷிப்ட் வாரம் முடிந்து கிடைத்த ஆஃபில், அக்காவோடு போனேன்.

அக்கா காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்க ஒரு பலகைக்கல் கிடந்தது. போன வருஷம் பாத்ரூம் கட்ட ஜேசிபி அதைப் புரட்டினால், அடிப்பக்கத்தில் ஓர் அம்மன். இடிந்துபோன ஏதோ பழைய கோயிலுடையதாம். தாசில்தார் வந்து பார்த்து கடலூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கேற்றவே கை கூசுகிறது, நேரில் போய் மன்னிப்புக் கேட்டால்தான் மனசு ஆறும் என்று ஒரே பிடி.

காலை 8.10க்கு நான் வேலை பார்க்கும் கம்பெனியின் டவுன்ஷிப்பில் பஸ் ஏறினேன். வடலூருக்குப் பத்து ரூபாய், இருபத்தைந்து நிமிடம். அக்கா அங்கே பையோடு நின்றாள். உள்ளே சூடம், தேங்காய், பூ. அருங்காட்சியகத்தில் தேங்காய் உடைக்க விடுவார்களா என்று கேட்டதற்கு முறைத்தாள். அங்கிருந்து கடலூர் சுமார் 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். குறிஞ்சிப்பாடியில் கூட்டம் ஏறும், முன்னாலேயே ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள்.

சிலைகள் வராந்தாவில் வரிசையாக இருக்கின்றன. கை போனவை, தலை போனவை, அரைத்தூண் ஒன்று. நாலாவதாக எங்கள் கல். பார்த்ததும் அக்கா அழுதுவிட்டாள். பொறுப்பில் இருந்த அம்மா வந்து என்னவென்று விசாரித்தார்.

"சாமி முதுகுலயே பதினாறு வருஷமா அடிச்சித் தொவச்சிக்கினு இருந்தேங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பக்கத்துச் சிலைகளைக் காட்டினார்.

"நிமுந்து கெடந்ததுல எதுக்காவது மூக்கு இருக்குதா பாருங்க. இது கவுந்து கெடந்துச்சி. நீங்க தொவச்சிக்கினு இருந்ததால யாரும் பொரட்டல, ஒடைக்கல. அதான் மூஞ்சி அப்படியே இருக்குது."

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். உதடு, தோடு, கழுத்து மாலை எல்லாம் தெளிவாக இருந்தன. 

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை. பத்து மணிக்கு மேல் போங்கள், கட்டணம் ஐந்து ரூபாய். பூஜைச் சாமான் அனுமதி இல்லை. எங்கள் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சிலைகளைத் தொடக்கூடாது என்று பலகையும் மாட்டியிருக்கிறது. அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இத்தினி வருஷம் தொவச்சவ, ஒரே ஒரு வாட்டி தொட்டுக் கும்புட்டுக்கறேங்க."

 அந்த அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டப்பகலிலேயே கடைசி ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார்.