கோடு போட்ட பனியன் மாப்பிள்ளை

எனக்கு நிச்சயம் ஆகவிருந்த நேரத்தில் கரடியூர்த் திருவிழாவில் நாடகம் போட்டார்கள். எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். சில வருடம் மெட்ராசில் ஓட்டல் வேலை செய்துவிட்டுத் திரும்பி, காப்பித் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். மாரமங்கலத்திலிருந்து நாங்கள் குடும்பத்தோடு நாடகம் பார்க்கப் போனோம். போகாமல் இருந்திருக்கலாம்.

அவருக்குச் சிரிப்பு ரவுடி வேஷம். கோடு போட்ட பனியன், கழுத்தில் கர்ச்சீப், கன்னத்தில் மையால் வைத்த மரு. எண்பதுகளில் சினிமாவுக்குச் சினிமா வந்த அதே ரவுடிதான். "இன்னா நைனா, டபாய்க்கிறியா? கஸ்மாலம், கீசிடுவேன் கீசி!" என்று அவர் லுங்கியைத் தூக்கிக் கட்டியதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது தரையைப் பார்த்து "ஆமாங்க, சரிங்க" என்றவர் இவர்தானா என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"நடிச்சா இப்படி வராது கண்ணு, பழகினாத்தான் வரும். ஓட்டல்ல இருந்தேங்கறான். எந்த செயில்ல இருந்தானோ!" என்று அப்பா வழியெல்லாம் புலம்பினார்.

மறுநாளே ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். காப்பி கொடுத்த கையோடு, "ஏனுங்க தம்பி, சட்டையக் கொஞ்சம் கழட்டுங்க. வெட்டுக்காயம் இருக்குதான்னு பாக்கோணும்" என்றார். எனக்கு மானம் போயிற்று. அவர் கழற்றினார். ஒரு கீறல்கூட இல்லை. அப்பா அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்து அம்மாவிடம் கிசுகிசுத்தார்: "காயமே இல்ல. அப்ப இவன்தான் மத்தவங்கள வெட்டியிருக்கோணும்."

அப்பாவின் சந்தேகத்திலிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

பிறகு அப்பா வெளியே போய் அவரிடம் நேராகவே கேட்டார், "அந்த ரவுடிப் பேச்ச எங்க கத்துக்கிட்டீங்க?"

"அது ரவுடிப் பேச்சு இல்லீங்க மாமா. மெட்ராஸ்ல நான் காய்ச்சல்ல கெடந்தப்ப, பக்கத்து ஊட்டு மீன்காரம்மாதான் கஞ்சி ஊத்துனாங்க. 'கஸ்மாலம், குட்ச்சிட்டுப் பட்த்துக்கடா'ன்னு திட்டிக்கிட்டேதான் ஊத்துவாங்க. அங்க மூட்டை தூக்கறவங்க, ரிச்சா ஓட்டறவங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. சினிமாலதான் அத ரவுடிக்குக் குடுத்துட்டாங்க. நானும் நேத்து அதையேதான் பண்ணிப்போட்டேன்."

சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். சட்டையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா மறுபடியும் உள்ளே வந்தார். "இந்த அழுகையும் நடிப்பா இருந்தா என்ன கண்ணு பண்ணுவ?"

"நானும் உங்க மகதானுங்கப்பா. நடிப்பா இருந்தா கண்டுபுடிச்சிருப்பேன். எனக்குச் சம்மதமுங்க."