இரண்டு விரல் முடுக்கு

கடிகாரத்தில் திருகாணி முடுக்குவதற்கென்று ஒரு கை வேண்டும். ஆணி உட்கார்ந்துவிட்டது என்று விரல் நுனிக்குத் தெரிந்ததுமே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு மயிரிழை திருகினாலும் தலை ஒடிந்துவிடும். ஓசூர் கடிகார ஆலையில் அந்தக் கையை வைத்துத்தான் நானும் பக்கத்து மேசைத் தோழியும் சம்பளம் வாங்கினோம். அவள் பாகலூர்க்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷையிலும் சண்டை போடுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆலையின் சைக்கிள் கிளப்புக்குக் கியர் சைக்கிள்கள் வந்து இறங்கின. மழை விட்டதும் ஒரு சனி, ஞாயிறு தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டுப் பாதையில் ஓட்டுவதாகத் திட்டம். நாங்களும் வருகிறோம் என்றோம். கிளப் செயலாளர், தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பின் ஃபோர்மேன். கொஞ்ச நேரம் நெற்றியைச் சொறிந்தார்.

“வாங்கம்மா, வேணாம்னு சொல்லலை. பின்னாடி டெம்போ வரும். அதுல ஏறிட்டீங்கன்னா அடுத்த ட்ரிப்புக்குக் கேக்கக் கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை வீட்டிலும் வெளியிலும் கொடுத்ததை வாங்கிக்கொண்டே வளர்ந்தவள் நான். இதைத்தான் முதன்முதலாக நானே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தேன். ஏறவே மாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

தேன்கனிக்கோட்டை வரை சைக்கிள்கள் டெம்போவில் வந்தன. இடம் அடைக்காமல் இருக்க ஹேண்டில்பாரையெல்லாம் திருப்பி வைத்திருந்தார்கள். இறக்கியதும் அவரவர் நேராக்கி முடுக்கிக்கொள்ள வேண்டும். ஆண்கள் நான் முந்தி நீ முந்தி என்று எங்களுக்கு உதவ வந்தார்கள்.

“திருகறதுக்கு எங்களுக்கா சொல்லித் தரணும்?” என்று தோழி விரட்டிவிட்டாள்.

ஆணி உட்கார்ந்தது. நிறுத்தினோம்.

சனிக்கிழமை பாதை பெரும்பாலும் சமதரை. ஈரச் செம்மண், மூங்கில், நடுவழியில் ஆவி பறக்கும் யானை லத்தி. அதைக் கண்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மிதித்த வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று அய்யூரில் தங்கினோம். உடம்பில் வலிக்காத இடமில்லை, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிறு காலை இறக்கம் வந்தது. வளைவில் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். ஹேண்டில் மட்டும் திரும்பியது. சக்கரம் தன் பாட்டுக்கு நேரே போய் உண்ணிச்செடிப் புதரில் என்னைச் சேர்த்தது. பின்னால் வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதே வளைவில் திரும்பி, அதே புதருக்குள் வந்து விழுந்தாள்.

டெம்போ நின்றது. டிரைவர் கெலமங்கலத்துக்காரர். ஆவலோடு பின்கதவைத் திறந்தார்.

“சாக்கெல்லாம் விரிச்சு வெச்சிருக்கேன், வாங்கக்கா.”

“பேட அண்ணா, வேணாம், நீங்களே படுத்துக்குங்க” என்றாள் தோழி.

செயலாளர் திரும்பி வந்து, என் ஹேண்டிலை இரண்டு விரலால் தள்ளினார். அது சுழன்றது.

“என்னம்மா இது, வாட்சுக்கு முடுக்குன மாதிரி முடுக்கியிருக்கீங்க?”

அவர் ஸ்பேனரை எடுத்துக் குனிவதற்குள் நான் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தோழி முன்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டாள். போதும் போதும் என்று விரல் சொன்னது. கேட்கவில்லை. ஒடிந்தால் ஒடியட்டும் என்று உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். போல்ட் முனகியது, ஒடியவில்லை. பிறகு அவளுடையதையும் அப்படியே செய்தோம்.

முழங்கால் எரிய எரிய மிதித்தோம். ஒவ்வொரு மேட்டிலும் டெம்போ முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே வந்தது. பொழுது சாயும்போது தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் எங்கள் சைக்கிளிலேயே வந்து இறங்கினோம். செயலாளர் டீக் கிளாஸை நீட்டினார்.

“அடுத்த ட்ரிப்பு அஞ்செட்டிப் பக்கம். ஆளுக்கொரு ஸ்பேனர் கொண்டாங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து முதல் கடிகாரத்தில் முதல் திருகாணியை வைத்துத் திருகினேன். டுக் என்று தலை ஒடிந்தது. சூப்பர்வைசர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்வதற்குள் பக்கத்து மேசையிலிருந்தும் ஒரு டுக் கேட்டது.