சாக்பீஸும் மின்சாரப் பங்கும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் சத்தியநாதன் சட்டையைக்கூட மாற்றமாட்டார். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த கம்பெனி அறிக்கையை மேசைமேல் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவார். எல்லாம் போனிலேயே இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள். "கட்டவிரல்ல தடவிப் பாக்காத சரக்க நான் நம்பறதில்லபா" என்பார்.

மேல்விஷாரத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷமாகத் தோல்களைத் தரம் பிரிக்கிறவர். தோலைப் புரட்டி, உள்பக்கம் தடவி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார். அந்தச் சாக்பீஸ் எப்போதும் காதிடுக்கில்தான். சர்ச்சுக்குப் போகையில் மட்டும் சட்டைப்பைக்கு இறங்கும். முதலாளியே கேட்டாலும் தரமாட்டார். மனுஷனுக்கு அப்படியொரு வீம்பு.

பங்கு வாங்குவதிலும் அதே புத்தி. மின்சாரக் கம்பெனிகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். "ஒரு ரூபா லாபத்துக்கு நாம இன்னா வெல குடுக்கறோம், அதான் பி.ஈ. கரண்டு கம்பெனிய கரண்டு கம்பெனியோடதான் பாக்கணும். ஆட்டுத்தோலயும் மாட்டுத்தோலயும் ஒரே அடுக்குல வெப்பாங்களா?"

இந்த வாரம் விஷயம் பெரிது. மனைவி சாரா நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் இரண்டு லட்சத்தை "நீங்களே பாத்துப் போடுங்க" என்று கொடுத்திருந்தார். கூட வேலை செய்யும் மஹபூப் பாஷா ஒரு மின்சாரக் கம்பெனியைச் சொன்னார். "பி.ஈ. ஆறுதான்ணா. மத்ததெல்லாம் பதினாறு. இவ்ளோ கம்மியா எங்க கெடைக்கும்?"

சத்தியநாதனுக்கும் சபலம் தட்டியது. ஐந்து வருஷத்துக்கு முன்பு இப்படித்தான் கம்மி என்று ஒன்றை வாங்கி, நஷ்டத்தைச் சாராவிடம் சொல்லாமல் முழுங்கியிருந்தார். அந்தப் பயத்தில் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். சிக்கிவிட்டது. லாபத்தில் முக்கால்வாசி, பல வருஷப் பழைய பாக்கி மொத்தமாக வசூலானது. அடுத்த வருஷம் அது வராது. அதைக் கழித்தால் பி.ஈ. இருபத்துநாலு.

சாரா காபியோடு வந்தார். "இன்னாங்க, வாங்கிடலாமா?"

"மேல பளபளப்பு. உள்ள பூச்சி அரிச்சிருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அஞ்சு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒண்ணுல ஏமாந்தேன். உன்கிட்ட சொல்லல."

"தெரியும். அந்த மாசம் பூரா நீங்க பிரியாணி கடப்பக்கமே போவல."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அப்பாடா என்றிருந்தது. சாராவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். பிறகு அறிக்கையைக் கவிழ்த்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, எண் போடச் சொல்லிச் சாராவிடம் நீட்டினார்.