தெல்கமு ஓயாவைத் தாண்டிய வாக்குப் பெட்டி

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாத்தளைக் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தின் வாசலிலிருந்து எங்கள் லொறி புறப்பட்டது. ஐம்பத்தாறாம் ஆண்டுப் பொதுத் தேர்தல். லக்கலைப் பக்கத்து வாக்குச்சாவடி ஒன்றுக்கு என்னைத் தலைமை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். கச்சேரியில் ஒன்பது வருடம் இலிகிதனாக எழுத்து வேலை பார்த்தவனுக்கு அது பெரிய பொறுப்பு. பயம் இருக்கவில்லை. மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் நான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம் என்று இரண்டையும் ஒன்றாகவே பழகியவன். உம்மாவுக்குத்தான் மனக்குறை. அன்றைய ஜும்ஆத் தொழுகை தவறிவிடுமே என்று இடியப்பப் பொதியைக் கையில் தந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லொறியில் ஒரு தகர வாக்குப் பெட்டி, வாக்குச்சீட்டுக் கட்டுகள், வாக்காளர் பெயர்கள் எழுதிய இடாப்பு, அரக்கு, நூல், இரண்டு லாந்தர்கள். எனக்கு உதவியாக இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள், காவலுக்குக் கான்ஸ்டபிள் பண்டா. பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவருக்குக் கிடைத்த உத்தரவு. வழி நெடுகிலும் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தார்.

ஏழேகாலுக்கு ரத்தோட்டை. மாத்தளையிலிருந்து ஒன்பது மைல். சாதாரணப் பயணிகள் பஸ்ஸில் நாற்பது சதம் கொடுத்து வரலாம். அதற்கு அப்பால் போகிறவர்கள் இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது புத்தி, ஏனென்றால் மேலே கடையே கிடையாது. நாங்கள் ஐந்து சதத்துக்கு ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சுமை தூக்க நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். தோட்டத் துரை அனுப்பியவர்கள். அவர்களில் மூத்தவர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும், கட்டை குட்டையான ஆள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. பெட்டியைப் பார்த்ததும் மற்றவர்களை விலக்கிவிட்டு, “இத நான் தூக்குறேன்” என்றார்.

பத்து மணிக்கு ரிவஸ்டன் கணவாய். லொறிக்குப் பாதை அவ்வளவுதான். அங்கே வீசும் காற்றைப் போகாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? தொப்பியைக் கையில் பிடித்தால் போதாது, ஆளையே யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மலையின் மாத்தளைப் பக்கம் மூட்டம், ஈரம். முகட்டைத் தாண்டியதும் வெயில். கீழே பிட்டவலைப் பத்தனைப் புல்வெளி, அதற்கும் கீழே பழுப்பாகக் காய்ந்த லக்கலை. ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு நாடுகள் போலிருந்தது.

இறக்கத்தில் சவரிமுத்து எனக்கு முன்னால் நடந்தார். தலையில் சும்மாடு, அதன் மேல் பெட்டி. அதன் பின்னாலேயே பண்டா.

“கிளாக்கரையா, உள்ள ஒண்ணுமில்லாமலே இந்தக் கனம் கனக்குதே” என்றார் சவரிமுத்து.

“தகரமும் பூட்டுந்தான். நாளைக்குக் கடதாசி விழுந்தாலும் பெரிசா கூடாது” என்றேன்.

“நாப்பத்தேழுல நானும் போட்டேங்க. ரத்தோட்டையில. எங்க லயத்து வீடுங்கள்ல இருந்த சனம் பூரா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனோம், கல்யாணத்துக்குப் போற மாதிரி. அதுக்கப்புறம்தான் பேர எடுத்துட்டாங்களே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, நின்றது என்கிற மாதிரிச் சொன்னார். சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழர்களைப் பிரஜைகள் இல்லாதவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து இடாப்பிலிருந்தும் அவர்கள் பெயர்கள் போயின. பிறகு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். சவரிமுத்துவும் போட்டிருந்தார். இந்த நாட்டில் பல வருடங்கள் இடைவிடாமல் வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும்.

“விசாரணை எப்ப?” என்று கேட்டேன்.

“வரும்னாங்க. அஞ்சு வருசமா வருது. வரட்டுங்க, நான் எங்க போகப்போறேன்? பொறந்த எடம் இதுதானே” என்று சிரித்தார்.

இலுக்கும்புரையைத் தாண்டித் தெல்கமு ஓயா என்ற ஆற்றுக்கு வந்தபோது மணி மூன்றரை. தண்ணீர் முழங்கால் வரைதான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கடந்தோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கள் சாவடி. களிமண் சுவர் வைத்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். ஊர்த் தலைவரான ஆராச்சி குரக்கன் ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். உம்மாவின் இடியப்பத்தை அவருக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாக்களிப்பு தொடங்கியது. முதல் ஒன்றரை மணி நேரம் ஒருவரும் வரவில்லை. காட்டை வெட்டிப் பயிரிடும் சேனைகளுக்குப் போகும் பாதையில் யானைகள் நிற்பதாகச் செய்தி வந்தது. ஒன்பதரைக்கு யானைகள் விலகிப் போனதும் சனம் கூட்டமாக வந்தது. பெண்கள் குளித்து முழுகி, தலைவாரி, கைப்பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். எட்டு மைல் நடந்து வந்த ஒரு கிழவர் சீட்டைப் பெட்டிக்குள் போட்டபின் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த முறை நாடு முழுவதும் ஒரே பேச்சு, மொழிப் பேச்சுதான். இனிச் சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்று மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த சமயம். வரிசையில் நின்ற ஓர் இளைஞன் என்னிடம் சிங்களத்தில் கேட்டான்: “மாத்தயா, நாளைக்கு எல்லாம் சிங்களத்தில் வந்துவிட்டால் உங்கள் உத்தியோகம் என்ன ஆகும்?”

“இப்போது உன்னோடு எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறேன்?” என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அவன் கேட்டது பகிடிக்கல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

சவரிமுத்து வெளியே மாமரத்தடியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்களித்துவிட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்து, இடியோடு மழை பிடித்தது. வாக்களிப்பு முடிந்து, பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்த போதும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரையில் நின்றோம். முழங்கால் தண்ணீரைக் காணோம். அறுபது அடி அகலத்துக்குச் செந்நிற வெள்ளம், அதில் மரக்கிளைகள் உருண்டு போயின. அன்று மாலை நான்கு மணிக்குள் பெட்டி கச்சேரிக்கு வந்தாக வேண்டும் என்பது எனக்கு எழுத்தில் தந்த உத்தரவு. ஆராச்சி சுற்றுவழி ஒன்று சொன்னார். மாட்டுவண்டியில் இரண்டு நாள். அதற்குள் முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் வாக்குகள் எண்ணப்படாமல் போய்விடுமோ என்று கரையில் அங்குமிங்கும் நடந்தேன்.

சவரிமுத்து ஆற்றை மேலும் கீழும் பார்த்தார். “ஐயா, எங்க தோட்டத்துல கொழுந்து மூட்டைய மலையில இருந்து பக்டரிக்குக் கம்பியிலதான் எறக்குவோம். அந்த வேலையில பத்து வருசம் இருந்தேன். கயிறு கெடைச்சா இதையும் அனுப்பிரலாம்.”

பண்டா குறுக்கே வந்தார். “முடியாது” என்றார் சிங்களத்தில். “வாக்கே இல்லாத ஆள் கையில் வாக்குப் பெட்டியைக் கொடுத்து, அது ஆற்றோடு போனால் நாளைக்கு யார் பதில் சொல்வது?”

சவரிமுத்துவுக்குச் சிங்களம் தெரியும். “ரால்ஹாமி, மலையிலிருந்து இங்கே வரை என் தலையில்தானே வந்தது? அப்போது கேட்கவில்லையே” என்றார் அதே சிங்களத்தில். நான் பண்டாவிடம் சொன்னேன்: “பொறுப்பு என்னுடையது. எழுதி ஒப்பமிட்டுத் தருகிறேன்.”

ஆராச்சி ஊரெல்லாம் எருமை கட்டும் கயிறுகளைத் திரட்டிக் கொண்டுவந்தார். சவரிமுத்து அவற்றை முறுக்கி முடிந்து ஒன்றாக்கினார். கொஞ்சம் மேலே ஆறு ஒடுங்கும் இடத்தில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவி அக்கரை சேர்ந்தார். அங்கே ஒரு கும்புக் மரத்தில் உயரக் கட்டினார். இக்கரையில் பத்துப் பதினைந்து ஊரவர்கள் பிடித்தார்கள். நேற்று என்னைக் கேள்வி கேட்ட இளைஞன்தான் முன்னால் நின்றான். பெட்டியைக் கித்தான் படங்கினால் சுற்றி, வளையம் போட்டுத் தொங்கவிட்டோம்; அதில் கட்டிய இன்னொரு கயிற்றை அக்கரையிலிருந்து சவரிமுத்து இழுத்தார்.

பாதி தூரம் நன்றாகப் போனது. நடுவில் கயிறு தாழ்ந்தது. பெட்டியின் அடி தண்ணீரைத் தொட்டதும் வெள்ளம் அதைப் பக்கவாட்டில் இழுத்தது. யாரோ “அப்பே தெய்யனே!” என்று கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். சவரிமுத்து ஒரு கையால் கயிற்றைப் பற்றியபடி ஆற்றில் இறங்கினார். இடுப்பு, மார்பு, கழுத்து. தோளைக் கொடுத்துப் பெட்டியை மேலே தள்ளினார். “இழுங்க! இப்ப இழுங்க!” என்று அவர் தமிழில் கத்த, சிங்கள இளைஞர்கள் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு விறைத்தது. பெட்டி அக்கரையில் ஏறியது.

நாங்களும் அதே கயிற்றைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தோம். படங்கை அவிழ்த்தேன். அரக்கு முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை. பண்டா நனையாமல் தலையில் கட்டிக்கொண்டு வந்த தன் சட்டையை அவிழ்த்துச் சவரிமுத்துவின் தோளில் போட்டார். மலையேற்றத்தில் பெட்டியை அவரும் பாதி வழி சுமந்தார்.

கணவாயில் காத்திருந்த லொறியில் ஏறி, மூன்று நாற்பதுக்குக் கச்சேரியில் பெட்டியை ஒப்படைத்தேன். மேலதிகாரி முத்திரையைப் பார்த்துவிட்டு, “நல்ல வேலை” என்றார். வெளியே வந்து சவரிமுத்துவிடம், “உங்களுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க” என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, “நாப்பத்தேழு இடாப்பு இருக்குங்களா? எரிச்சிட்டாங்களா?” என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விசாரணையில் காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி வேறென்ன? பெரிய இலிகிதரிடம் அனுமதி வாங்கி, திங்கட்கிழமை காலை அவரையும் வரச்சொல்லிப் பழைய பத்திர அறையைத் திறந்தேன். ரத்தோட்டைக் கட்டு கிடைத்தது. அவருடைய தோட்டம், அவருடைய லயம், அவருடைய பெயர். அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. அந்தப் பக்கம் முழுவதும் கோடுகள். ஓரத்தில் கோடு போட்டவரின் சுருக்கொப்பம். அது என்னுடையது.

புதிய இடாப்பு தயாரித்த நாட்களில் இப்படி எத்தனை பக்கங்கள் என் மேசைக்கு வந்தன என்பது எனக்கு நினைவில்லை. மேலிடத்து உத்தரவு, நான் கோடு போட்டேன், பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போனேன். சவரிமுத்துவிடம் மறைக்க மனம் வரவில்லை. பக்கத்தை விரித்துக் காட்டி, “இந்தக் கோடு நான் போட்டது” என்றேன்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. “எம் பேரு எது?” என்றார். விரலை வைத்துக் காட்டினேன்.

“கோடு போட்டாலும் பேரு தெரியுதேங்க” என்றார். பிறகு அதன் கீழிருந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். “இதெல்லாம் எங்க லயத்து ஆளுங்களா?”

“ஆமா.”

“அப்ப அவங்களுக்கும் எழுதிக் குடுக்கணுங்க. வரச் சொல்றேன்.”

அவருக்கான பிரதியை அன்றே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் விசாரணை நடந்தது. பிரஜாவுரிமை கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் அரசாங்கமே மாறியது, மொழிச் சட்டமும் வந்தது, நான் சிங்களப் பரீட்சை எழுதித் தேறி அதே நாற்காலியில்தான் இருந்தேன். லக்கலைக்கு இன்னும் இரண்டு தடவை போய்வந்தேன். ரிவஸ்டன் காற்று கொஞ்சமும் குறையவில்லை.

ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது அதற்கடுத்த சனிக்கிழமையைத்தான். காலை எட்டு மணிக்குக் கச்சேரி வாசலில் சவரிமுத்துவின் லயத்து ஆட்கள் பதினொரு பேர் நின்றார்கள். வெள்ளை வேட்டி, வெளுத்த சேலை. நான் பேனாவில் கறுப்பு மை நிரப்பிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டேன்.