எங்கள் முழங்காலுக்காக வாதாடியவர்

எங்கள் வக்கீல் பூங்கோதை மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அப்போதுதான் தடுப்பூசி போட்டிருந்ததால் மகள் அலறிக்கொண்டிருந்தாள். போனில் மேடத்தின் ஜூனியர் பெண், "மேடம் காலைல தவறிட்டாங்க அக்கா. நெஞ்சு வலின்னு சொன்னாங்க, அவ்ளோதான்" என்றாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றேன். அடுத்த வாரம் எங்களுக்கு வாய்தா. அன்றுதான் என் வீட்டுக்காரர் செல்வத்தைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய இருந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் அவருடைய அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவர் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும். நம் பெயர் அவருக்கு நிற்காது. அடிபட்ட இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். "தோள்பட்டை வந்தாச்சா? இடுப்பெலும்பு எங்க, டீ குடிக்கப் போயிருக்கா?" என்பார். எங்கள் வீட்டுக்காரர் முழங்கால். ஆறேழு மாதம் நான் 'முழங்கால் பொண்டாட்டி'யாக இருந்தேன். காலேஜ் படித்தவள், எனக்கென்று ஒரு பெயர் இல்லையா என்று கோபம் வரும். உடம்பு வலியைவிட இந்தக் காத்திருப்புதான் ஆளைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கோபத்தையும் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வருவேன்.

எங்கள் கேஸ் சங்கடமான கேஸ். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் இடத்தில் செல்வம் எடை போடும் வேலை பார்த்தார். அன்று கிழங்கு ஏற்ற வந்த சின்ன லாரி பின்னோக்கி வந்து அவர்மேல் மோதி, வலது முழங்காலை நசுக்கிவிட்டது. லாரியை ஓட்டியவர் அதன் சொந்தக்காரர் ஏழுமலை. அவர் செல்வத்தின் தங்கை கலாவைக் கட்டியவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அதே லாரியில்தான் செல்வத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே வந்தார்கள். வழியெல்லாம் மாப்பிள்ளை அழுதிருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதும், அந்த வலியிலும் செல்வம், "பைக்கிலேர்ந்து நானா சறுக்கி வுழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. தங்கையைக் கொடுத்த வீட்டு மாப்பிள்ளை மேல் எங்கள் பக்கத்தில் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தங்கை அந்த வீட்டில் எப்படிச் சோறு தின்பாள் என்பதுதான் முதலில் தோன்றும்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் முழங்கால் மடங்கவில்லை. அப்போது நான் போய்ப் போலீஸில் புகார் கொடுத்தேன். அன்றிலிருந்து கலா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மேடத்திடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேஸ் கட்டைக் கட்டி மேஜையில் வைத்துவிட்டார். வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரில சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா? எதிர் வக்கீல் இத எல்லார் முன்னாடியும் கேப்பாரு. எனக்கு மட்டும் மொதல்ல சொல்லுங்க" என்றார். நான்தான் ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்றேன். "நீ சொல்லாத. நீ அங்க இருந்தியா?" என்று என்னை அடக்கினார். பிறகு, உறவுக்குள் நடந்த விபத்து என்றால் இரண்டு குடும்பமும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வந்த கேஸ் என்றுதான் இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும், அதனால் இடத்தைப் பார்க்காமல் இதைத் தொட மாட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. வெளியே ரோட்டில் போன பஸ் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

சொன்னபடி மலைக்கு வந்தார். சர்க்கரை வியாதியில் அவர் கால் எப்போதும் வீங்கியிருக்கும். வெள்ளிமலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்த மலைய எவன் இங்க கொண்டாந்து வச்சான்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். குழந்தை என் மடியில் இருந்தாள். அங்கே மாப்பிள்ளையை வரச் சொல்லியிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடம் செல்வம் நின்ற இடத்தில் தானே போய் நின்றுகொண்டு, அன்றைக்கு வந்த மாதிரியே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தார், வண்டியை எடுக்காமலே இறங்கிவிட்டார். "நான் வேணும்னு பண்ணலீங்க மேடம்" என்றார்.

அப்போது மேடம் சொன்னது இது: "நீ வேணும்னு பண்ணினன்னு யாரு சொன்னா? பாக்காம பண்ணின. சட்டம் அது ரெண்டுத்தையும் வேற வேறயா வச்சிருக்கு. பாக்காம பண்ணினவன் கெட்டவன் இல்ல. ஆனா பாத்திருக்கணும்."

மாப்பிள்ளை அங்கேயே கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் இருக்கிறதா, வண்டிக்கு இன்சூரன்ஸ் அந்தத் தேதியில் உயிரோடு இருந்ததா என்று மேடம் கேட்டார். இரண்டும் இருந்தன. "அப்ப உன் சட்டைப் பையில யாரும் கைவைக்கப் போறதில்ல. வருஷா வருஷம் இன்னாத்துக்குக் கட்டின? இதுக்குத்தான" என்றார். போலீஸ் கேஸ் தனி, இழப்பீட்டுக் கேஸ் தனி என்பதையும், போலீஸ் கேஸில் செய்ததை ஒத்துக்கொண்டால் அநேகமாக அபராதத்தோடு முடியும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். அவரிடம் நான் பொறுமையைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். திரும்பும்போது என்னிடம், "யாரு கவனிக்காம வுட்டது, அதாலதான் அடிபட்டுச்சா, அடிபட்டதுல இன்னா போச்சு. அவ்ளோதான் கேஸ். மீதி எல்லாம் காகிதம்" என்றார். வீட்டுக்கு வந்து அந்த மூன்றையும் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயந்த சுபாவம் எனக்கு. சட்டம் என்றாலே யாரையோ உள்ளே தள்ளுவது என்று நினைத்திருந்தேன்.

'இன்னா போச்சு' என்று எழுதிய அன்று ஒன்று நடந்தது. செல்வத்தின் சம்பளம், வைத்தியச் செலவு, வலி, இனிமேல் மலை ஏற முடியாதது எல்லாம் சொல்லி முடித்தோம். மேடம் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்து, இவரை யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். கக்கூஸுக்கு? நான்தான். நீ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாயா? சங்கராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன், நின்றுவிட்டேன் என்றேன். "இத ஏன் சொல்லல?" என்றார். இதில் என்ன மேடம் இருக்கிறது, வீட்டு வேலைதானே என்றேன். "ஆள் வச்சிருந்தா ஆளுக்குக் கொடுக்கணும்ல? பொண்டாட்டி செஞ்சா மட்டும் அது காத்துல போயிருமா? கோர்ட்டே அப்படிச் சொல்றதில்ல, நீ ஏம்மா சொல்ற" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அடிபட்டிருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து பகலிலேயே தூங்கிவிட்டேன்.

செல்வத்தைச் சாட்சிக்குத் தயார் செய்வதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. எப்படிக் கேட்டாலும் இவர், "மாப்ள மெதுவாத்தான் வந்தாரு" என்பார். மேடம் தலையில் அடித்துக்கொள்வார். "மெதுவா வந்தா ஏன்யா கால் போச்சு? பாவம் பாக்கறத வூட்ல வச்சிக்கோ. கூண்டுல கண்ணு பாத்தத சொல்லு." கடைசியாக அவரைப் பார்த்த அன்றும் இதே சண்டைதான். கால் வலிக்கிறது என்று கேஸ் கட்டுகளை அடுக்கி அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "எனக்குச் சலிப்பா இருக்குய்யா முழங்கால்" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கிளம்பி வந்துவிட்டோம்.

அவர் போன பிறகு ஜூனியர் பெண்தான் எங்கள் கேஸை எடுத்துக்கொண்டாள். வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் இடம் தேடினேன். கடைசி பெஞ்சில் மாப்பிள்ளையும் கலாவும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கில் அவர்தான் முதல் எதிர்மனுதாரர். வேறு பெஞ்ச் காலியாக இல்லை. செல்வத்தை நிற்க வைக்க முடியாது. அந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு பை அளவுக்கு இடம் விட்டு. மாப்பிள்ளை என்னைப் பார்க்காமலே, "மேடம் சாவுக்கு வந்திருந்தேன். கூட்டத்துல உங்களப் பாத்தேன்" என்றார்.

உள்ளேயிருந்து செல்வத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டின் படி உயரம். கைத்தாங்கல் இல்லாமல் அவரால் ஏற முடியாது. குழந்தை என் இடுப்பில் இருந்தாள், தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். "கொடுங்கண்ணி" என்றாள் கலா. அவள் கை நீட்டுவதற்குள் குழந்தை தானாகவே "மாமா" என்று மாப்பிள்ளையிடம் தாவிவிட்டாள். அவரிடமே விட்டுவிட்டுப் போனேன்.

உள்ளே எதிர் வக்கீல், ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது பொய்தானே என்று கேட்டார். செல்வம், "பொய்தாங்க. என் தங்கச்சிக்காகச் சொன்னேன்" என்றார். வண்டி எப்படி வந்தது என்றார்கள். "வேகமா வந்துச்சு. மாப்ள பின்னாடி பாக்கல" என்றார். அந்த வார்த்தை வராந்தாவரை கேட்டிருக்கும்.

வெளியே வந்தபோது மாப்பிள்ளை அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் தூங்கியிருந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து போகவில்லை. தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் மேல் வழக்குப் போட்டுவிட்டு, அவரிடமே பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குள் போகலாம். பூங்கோதை மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.