சிஸ்டத்தில் இல்லாத சரக்கு

ஸ்டோர் ரூமில் நின்று காலம் தள்ளியவனுக்குத்தான் ஸ்டோரின் அருமை தெரியும். எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் மற்றவனுக்கு அது இரும்பு அடுக்கி வைத்த அறை, அவ்வளவுதான். தண்ணீர் பம்புகள் தயாரிக்கும் அந்த ஆலையின் ஸ்டோரை ஆண்டவர் சாவிக்காரர். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பெயர். முதலாளி அவருடைய கூடப்பிறந்த அண்ணன். இருவரும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். ஒரு பழைய லேத்தைத் தகரக் கொட்டகையில் போட்டு, அதிலிருந்து அத்தனை பெரிய ஆலையை எழுப்பினார்கள். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. கை காய்த்துக் காய்த்து வந்தது.

கொட்டகைக் காலத்தில் ஒருமுறை, பேரிங் கிடைக்காமல் லேத் நின்றுபோனது. வாராது வந்த ஆர்டர் வேறு ஆள் கைக்குப் போனது. அண்ணன் தலையில் கை வைத்து வாசல்படியில் உட்கார்ந்திருந்ததைத் தம்பி பார்த்தார். இனி இந்த ஆள் இப்படி உட்காரக் கூடாது என்று அன்றே மனதுக்குள் முடிவு கட்டினார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. மெஷினுக்கு இரண்டு பேரிங் கொடுத்தால் மூன்று என்று எழுதுவார். மிஞ்சியது கதவுக்கு மேலிருந்த பரணுக்குப் போகும். பேரிங், பெல்ட், சீல் என்று பரண் நிறைந்தது. ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை. ஏதாவது உதிரி தீர்ந்து மெஷின் நின்றால் அண்ணனே ஸ்டோர் ஜன்னலுக்கு வருவார். வாய் திறக்க மாட்டார். பரணைப் பார்த்து மோவாயை லேசாக உயர்த்துவார். தம்பி ஏணி போட்டு ஏறுவார். அவர்களுக்குள் அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

ஆலையை விரிவாக்கப் புதிய கூட்டாளிகள் வந்தார்கள். ஈ.ஆர்.பி. போட்டால்தான் சேருவோம் என்றார்கள். அதை நிறுவ வந்த மேடம், எல்லாரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாம் ஒரே மென்பொருளில் இருக்கும். ஸ்டோரில் ஒரு பேரிங் எடுத்தால் அந்த நொடியே கணக்கில் குறையும், வாங்குகிறவருக்குத் தகவல் போகும், முதலாளி தன் அறையிலிருந்தே பார்க்கலாம்.

"அப்ப எங்க பெரிய அத்தை மாதிரின்னு சொல்லுங்க மேடம்," என்றார் சாவிக்காரர். "அவங்க காதுல ஒரு விஷயத்தைப் போட்டா போதும், சொந்தம் பூரா தெரிஞ்சுடும்."

அறையே சிரித்தது. மேடமும் சிரித்தார். "அத்தை கூடக் குறையச் சொல்லுவாங்க சார். இது சொல்லாது."

சாவிக்காரர் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. கோழி கொத்துவதுபோல ஒற்றை விரலால் தட்டித் தட்டியே பழகினார். பேரனிடம் பெருமையடித்துக்கொண்டார். பரண் அவர் நினைவுக்கே வரவில்லை. அதில் இருந்தது சரக்கு என்று அவர் எண்ணியதில்லை. அது அண்ணனுக்காக எடுத்துவைத்தது.

சிஸ்டம் ஓடத் தொடங்கும் முன் தொடக்க இருப்பு ஏற்ற வேண்டும் என்று ஸ்டோர் முழுவதையும் எண்ணினார்கள். யாரோ ஏணியில் ஏறினார்கள். பரணிலிருந்து இறங்கிய பெட்டிகள் மேஜையில் இடமில்லாமல் தரைக்கு வந்தன.

அண்ணன் அப்போதுதான் கூட்டாளிகளிடம், இந்த ஆலையின் கணக்கில் ஒரு திருகாணிகூடப் பிசகாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். மேடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். குறைந்தால் தொலைந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தனை கூடுதலாக இருந்தால், கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே விற்க எடுத்துவைத்ததா என்று ஒரு கூட்டாளி கேட்டார். சாவிக்காரர் அண்ணனைப் பார்த்தார். கூட்டாளியும் அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா சார்?"

ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம், அந்த மோவாய் ஓர் அசைவு அசைந்தால் போதும். அண்ணன் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டோர் அவன் பொறுப்பு. எனக்குத் தெரியாது."

நடந்ததைச் சொன்னால் அண்ணன் பொய்யராவார். சாவிக்காரர் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தார். அவ்வளவு பேர் முன்னால் அது எழுப்பிய சத்தத்தில் அவருக்கே கூசியது.

வீட்டில் மனைவி கேட்டாள், "உங்க அண்ணன் ஒண்ணுமே சொல்லலையா?"

"அவருக்கு ஆயிரம் வேலை," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

கூடப்பிறந்தவர் என்பதால் வேலையை விட்டுத் துரத்தவில்லை. சிஸ்டத்தில் அவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்தார்கள். இருப்பைப் பார்க்கலாம், எடுத்துக் கொடுக்க முடியாது. அதற்குப் படித்த ஒருவர் வந்தார், நல்ல மனிதர். கணக்கில் வராத சரக்கு வேண்டாம் என்று கூட்டாளிகள் சொல்ல, பரண் சரக்கைக் கொள்முதல் செய்த இடத்துக்கே திருப்பியனுப்பி, பரணையும் பிரித்தார்கள். தொழிலாளிகள் முன்போலத்தான் பேசினார்கள். ஆனால் அவர் வெளியே போகும்போது வாசல் காவலாளி டிபன் பையைத் திறந்து காட்டச் சொன்னார். எல்லாரையும்தான் சொன்னார். சாவிக்காரருக்கு அப்படித் தெரியவில்லை.

அண்ணன் ஸ்டோர் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

ஒரு மதியம் பெரிய மெஷினின் சத்தம் நின்றது. ஆலையே சட்டென்று ஊமையானது. பேரிங் உடைந்திருந்தது. சாவிக்காரர் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தார். இருப்பு பூஜ்யம், ஆர்டர் போயிருக்கிறது, சரக்கு வழியில்.

ஜன்னலில் நிழல் விழுந்தது. அண்ணன். பழக்கத்தில் மோவாய் உயர்ந்தது. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளைக் கண்டதும் பாதியில் நின்றது.

குத்திக்காட்ட நல்ல சந்தர்ப்பம். ஒரு பேரிங்காவது இருந்திருக்கக் கூடாதா என்றுதான் சாவிக்காரருக்கு இருந்தது.

"சிஸ்டத்துல இல்லண்ணே."

"வேற எங்கயாவது..." என்று இழுத்தார் அண்ணன்.

"இல்லண்ணே. இப்பல்லாம் கணக்கு சுத்தமா இருக்கு."

அண்ணன் தலையாட்டிவிட்டுப் போனார். ஜன்னலுக்கு எதிரே, சரக்கு ஏற்றும் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். கை மெல்ல மெல்லத் தலைக்குப் போனது.

அதைப் பார்த்ததும் சாவிக்காரர் எழுந்தார். ஏணி சாத்தியிருந்த மூலைக்குப் போய் அதைத் தூக்கிய பிறகுதான், ஏற மேலே ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.