பதிவேட்டில் இல்லாத ஞானஸ்நானம்

பொம்மிடி பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றாலயத்தில் கல்யாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் நான்தான் ஏற்பாடு செய்கிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் பேர் இல்லாத யாருக்கும், பூசையில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசிக்க விட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருஷம் கல்யாணத்துக்கு எழுத வந்த ஸ்டெல்லாவின் பேர் பதிவேட்டில் இல்லை. "அதுக்கென்ன, இப்ப ஞானஸ்நானம் குடுத்துரலாம்" என்றேன்.

"வேணாங்க. எனக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுங்க. என்னைப் பெத்துட்டு சாகறப்ப எங்கம்மா கெஞ்சிக் குடுக்க வெச்சதுங்க. அது இல்லைன்னு ஆயிரும்" என்று அழுதாள்.

"அப்பக் குடுத்தவங்களைக் கூட்டிட்டு வா" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கனகம்மாளைக் கூட்டிவந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். எனக்குச் சிரிப்பு வந்தது. பங்குச் சாமியார்தான் விசாரித்தார்.

"கொழந்த அழுவலைங்க சாமி, நீலமாயிருச்சு. தண்ணி ஊத்துங்கக்கான்னு இவ அம்மா கெஞ்சினா. அவ சொல்லச் சொல்ல, நானும் சொல்லிக்கிட்டே ஊத்தினேன்" என்றவர் கண்ணை மூடினார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"இத்தனை வருஷமா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அவ கடைசியாப் பேசினது அதுதானுங்க."

சாமியார் எழுந்து கைகூப்பினார். "உயிருக்கு ஆபத்துன்னா யார் குடுத்தாலும் செல்லும். எழுதுங்க" என்றார். எனக்கும் தெரிந்த சட்டம்தான்.

'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் அதுவரை சாமியார்கள் பேர் மட்டுமே இருந்தது. அதன் கீழே 'கனகம்மாள்' என்று எழுதினேன். உட்கார்ந்து எழுத மனம் வரவில்லை, நின்றுகொண்டே எழுதினேன்.